வாய்ப்புண் களிம்பும் வலது கன்னமும்

முக்பிலுக்கு இடது கன்னத்தின் உட்புறம் புண் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. முதலில் மிளகு அளவில் ஒன்று. மறுநாள் மதியத்துக்குள் அதற்குப் பக்கத்தில் இரண்டு. கல்சட்டியில் கொதித்துக்கொண்டே வந்த சல்த்தா குழம்பில் ரொட்டியைத் தோய்த்து ஒரு வாய் வைத்தான். வெந்தய நுரை பொறுத்துக்கொள்ளும்படி இருந்தது. பச்சை மிளகாய்த் துவையல் பட்டதும் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"யாரு செத்துட்டாங்க?" என்றாள் ஆத்திகா, அவன் மனைவி.

"வாய்ல புண்ணு."

"பாதி நாள் ஆடு மாதிரி தழைய அதக்கிட்டுக் கிடந்தா புண்ணு வராம பூவா பூக்கும்?"

புண் ஒரு பெரிய விஷயமே இல்லை. அது வந்த வாரம்தான் விஷயம்.

இப் நகரத்திலிருந்து இரண்டு மணி நேரம் மலையேறினால் வருகிற அந்த ஊரின் தண்ணீர் அலுவலகத்தில் முக்பில் பத்தொன்பது வருடமாக எழுத்தர். கடற்கரைச் சமவெளியில் இருந்த பம்பு நிலையத்துக்கு ஓர் ஆளை அனுப்பச் சொல்லித் தலைநகரிலிருந்து கடிதம் வந்திருந்தது. வியாழக்கிழமைக்குள் பெயர் போக வேண்டும். அனுப்பக்கூடிய தகுதியில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். ஒருவன் முக்பில். இன்னொருவன் அவனோடு ஒரே மேசையில் எதிரும் புதிருமாகப் பத்தொன்பது வருடம் உட்கார்ந்திருந்த காயித். சமவெளி என்றால் வெயிலும் கொசுவும். முக்பிலின் அண்ணன் அங்கே வேலைக்குப் போய், மூன்றாவது வருடம் மலேரியாவில் போய்ச் சேர்ந்தான். பெட்டியைக்கூட அனுப்பவில்லை. செருப்பு மட்டும் வந்தது.

அலுவலகத்தில் எந்த முடிவும் எடுக்கப்படுவதில்லை. அங்கே காலையில் கையெழுத்துப் போடுவார்கள், பேனாவைத் தேடுவார்கள், குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வருகிறவர்களிடம் நாளைக்கு வரச் சொல்வார்கள். முடிவெல்லாம் மதியம் இரண்டு மணிக்கு மேல் இயக்குநர் முத்தஹ்ஹர் வீட்டு மாடிக் கூடமான திவானில். அவரவர் காத் இலைக் கட்டோடு போய் மெத்தையில் சாய்ந்து, தளிரைக் கிள்ளிக் கிள்ளி வாயில் போட்டுக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு சாயங்காலம் வரை பேசுவார்கள். அந்தப் பேச்சில் ஒரு தெருவுக்குத் தண்ணீர் வரும், இன்னொரு தெருவுக்கு நிற்கும். மாறுதல் பட்டியலும் அங்கேதான் எழுதப்படும். அதற்கு ஒரே ஒரு விதி இருந்தது. அன்றைக்கு யார் வரவில்லையோ அவன் பெயர். போன வருடம் ஒருவன் அக்காவைப் புதைக்கப் போய்விட்டு வந்தபோது அவன் நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தான். கால் முறிந்த இன்னொருவனை நான்கு பேர் தூக்கி வந்து மெத்தையில் போட்டார்கள். அவன் இன்னும் ஊரில்தான் இருக்கிறான்.

ஆக, இந்த வாரம் வாய்ப்புண் வரக்கூடாது.

மருந்துக்கடை இல்ஹாம் கைவிளக்கை அடித்து அவன் வாயைப் பார்த்தாள். ஊரில் அத்தனை பேருடைய வாயையும் அவள் பார்த்திருந்தாள். அதனால் அவளுக்கு யார் மீதும் மரியாதை கிடையாது.

"இன்னும் பெருசா திற. காய்ச்சல் இருந்துதா? உதட்டுல கொப்புளம் வந்துதா?"

தலையை ஆட்டி இல்லை என்றான்.

"அப்ப இது போடலாம். கொப்புளமா இருந்தா போடக்கூடாது, பத்திக்கும்." ஒரு சின்னக் குழாயை எடுத்து வைத்தாள். "ஸ்டீராய்டு களிம்பு. புண்ண மொதல்ல பஞ்சால ஒத்தி ஈரம் எடுக்கணும். அப்புறம் பட்டாணில பாதி அளவு எடுத்து மேல வை. தேய்க்காத. தேய்ச்சா மணல் மாதிரி உதிரும். வெச்சா தோல் மாதிரி படிஞ்சு ஒட்டிக்கும். சாப்பிட்ட பிறகு ரெண்டு வேளை, படுக்கும்போது ஒரு வேளை. போட்டு அரை மணி நேரம் தின்னாத, குடிக்காத, பேசாத."

"காத்?"

"அரை மணி நேரம் பேசாதன்னு சொல்றேன், நாலு மணி நேரம் தழைய மெல்றத கேக்குற. ஒரு வாரம் காத் கிடையாது."

"இந்த வாரம் முடியாது டாக்டரம்மா. வேற வாரம்னா விடறேன்."

"புண்ணு கிட்ட தேதி கேட்டுட்டு வா."

"ஒரு கன்னத்துலதான இருக்கு. மறு கன்னத்துல வெச்சுக்கிட்டா?"

அவள் கைவிளக்கை அணைத்தாள். "வெச்சுக்க. ரெண்டு பக்கமும் புண்ணானா என் கிட்ட வராத. மூக்குல வெச்சுக்க." பிறகு, அவன் படியிறங்கும்போது, "ஒரு வாரத்துல ஆறலன்னா காட்டு. மாசக் கணக்கா இதையே தடவிட்டுத் திரியாத, வாய் முழுக்க வெள்ளை படியும்," என்றாள்.

அந்த மலையில் காத்தை இடது கன்னத்தில்தான் அதக்குவார்கள். யாரும் சட்டம் போடவில்லை. இடது முழங்கையை மெத்தைத் திண்டில் ஊன்றிச் சாய்ந்தால் வலது கை கிள்ளுவதற்குச் சும்மா இருக்கும், இலை தானாக இடப்பக்கம் சேரும். திண்டுகள் அப்படித்தான் போடப்பட்டிருக்கும். துப்பும் பாத்திரமும் அந்தக் கணக்கில்தான் இருக்கும். ஒரு வரிசையில் இருபது பேர் சாய்ந்தால் இருபது கன்னங்களும் ஒரே பக்கம் வீங்கியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை முக்பில் களிம்பைப் போட்டு, வீட்டில் அரை மணி நேரம் ஊமையாக உட்கார்ந்திருந்துவிட்டு, தாமதமாகப் போனான். வாசல் பக்கம் செருப்புகளை ஒட்டி அவன் இடம். மரியாதை கூடக் கூட மெத்தையில் உள்ளே உள்ளே போய், கடைசியில் ஜன்னலடியில் இயக்குநர். முக்பில் வலது முழங்கையை ஊன்றி, வலது கன்னத்தில் இலையைச் சேர்த்தான். பழக்கமில்லாத கன்னம். இலை நிற்கவில்லை, நாக்கடியில் வழுக்கி வழுக்கி வந்தது. இரண்டு முறை கன்னத்தைக் கடித்துக்கொண்டான். அதைவிடக் கஷ்டம், அந்தப் பக்கம் சாய்ந்ததில் பக்கத்து ஆளின் மூஞ்சியும் அவன் மூஞ்சியும் நேருக்கு நேர் வந்துவிட்டன.

பக்கத்து ஆள் ஜுபைர். இயக்குநரின் செயலாளன். அலுவலகத்தில் எதற்கும் ஓர் உள்ளர்த்தம் கண்டுபிடிப்பதுதான் அவன் வேலை.

"என்ன அண்ணே, பக்கம் மாறிட்டீங்க?" என்றான் மெதுவாக.

வாய்ப்புண் என்றால் உடம்பு சரியில்லை என்று ஆகும். உடம்பு சரியில்லாதவனை வீட்டுக்கு அனுப்புவார்கள். வீட்டுக்குப் போனால் சமவெளிக்குப் போக வேண்டும். முக்பில் யோசித்து, "சும்மாதான்," என்றான்.

தன் ஆயுளில் ஜுபைர் 'சும்மாதான்' என்பதை நம்பியதே கிடையாது.

திங்கட்கிழமை காலை அவன் ஒரு பழைய செய்தித்தாளோடு இயக்குநர் அறைக்குப் போனான். அமைச்சகத்துக்குப் புதிதாக வந்திருந்த துணைச் செயலரின் படம் அதில் இருந்தது. ஏதோ விருந்தில் சாய்ந்திருக்கிறார். வலது கன்னம் எலுமிச்சை அளவுக்குப் புடைத்திருக்கிறது.

"உஸ்தாத், இவரு வலது கன்னம். நம்ம முக்பிலும் நேத்துலேருந்து வலது கன்னம்."

"அதனால?"

"பத்தொம்பது வருஷம் இடதுல வெச்ச ஆளு. கேட்டா சும்மாங்கிறான். செருப்பு பக்கத்துல உக்கார்ற ஆளுக்கு சும்மா மாத்தற தைரியம் எங்கேருந்து வரும்?"

முத்தஹ்ஹர் படத்தை வெகு நேரம் பார்த்தார். அவர் மூன்று அமைச்சர்களைத் தாண்டி வந்தவர். திறமையால் அல்ல, மோப்பத்தால். அன்று மதியம் அவர் வலது முழங்கையை ஊன்றிச் சாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவரை அடுத்திருந்த பொறியாளர் இலையை நாக்கால் தள்ளி மறுபக்கம் கொண்டுபோனார். அதைப் பார்த்துக் கணக்கர். செவ்வாய்க்கிழமை திவானுக்குள் நுழைந்தபோது திண்டுகள் எல்லாம் இடம் மாற்றிப் போடப்பட்டிருந்தன. துப்பும் பாத்திரங்களை மாற்ற மறந்துவிட்டார்கள். கணக்கர் இரண்டு தடவை பொறியாளரின் அங்கியில் துப்பினார்.

முக்பிலைச் செருப்புப் பக்கத்திலிருந்து எழுப்பி ஆறு இடம் உள்ளே உட்காரவைத்தார்கள்.

காயித் மட்டும் இடது பக்கமே சாய்ந்து கிடந்தான். அவனுக்கு வலது பக்கம் மேலும் கீழும் கடைவாய்ப் பல் கிடையாது. மற்ற எல்லோரும் ஒரு பக்கம் பார்க்க, அவன் மட்டும் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கவே கலகம் மாதிரி இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவன் முக்பிலைப் பிடித்துக்கொண்டான்.

"என்னடா நடக்குது? ஊரே உன்னப் பாத்து மூஞ்சியத் திருப்பி வெச்சிருக்கு. தலைநகர்ல உனக்கு ஆள் இருக்காமே?"

முக்பில் சுவரோரம் நின்று வாயைத் திறந்து கன்னத்தை இழுத்துக் காட்டினான். காயித் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான்.

"புண்ணு."

"ஆமா."

"புண்ணுக்காடா இத்தனையும்?" காயித் சிரிக்க ஆரம்பித்தான். பல் இல்லாத பக்கம் குகை மாதிரி தெரிந்தது. "உஸ்தாத் கன்னத்தக் கடிச்சு ரத்தத்தோட துப்புறாரு. பாத்தியா நீ? பொறியாளர் அம்மா அம்மான்னு முனகுறாரு. போய்ச் சொல்லிடுறா. பாவம்."

"சொல்றேன்."

"சொல்லு. எனக்கும் உனக்கும் நடுவுல யார் பேரு போகுதோ அது போகட்டும். உன் புண்ணால என் பேரு போகக் கூடாது."

"சொல்றேன்னுட்டேன்ல."

புதன்கிழமை ஊரில் களிம்பு தீர்ந்துபோனது. பழகாத கன்னத்தில் பழகாத பற்கள் மூன்று நாளாக வேலை செய்ததில், தண்ணீர் அலுவலகத்தில் வாய்ப்புண் இல்லாத ஆளே இல்லை. ஒவ்வொருவராகத் திருட்டுத்தனமாக மருந்துக்கடைக்குப் போனார்கள். ஒவ்வொருவரும் அது தன் மனைவிக்கு என்று சொன்னார்கள். இல்ஹாம் பன்னிரண்டு மனைவிகளுக்கும் ஒரே விதமாகக் களிம்பு போடச் சொல்லிக் கொடுத்தாள். இயக்குநரின் மனைவிக்கு மட்டும் இரண்டு குழாய்.

முக்பிலின் இடது கன்னம் ஏறக்குறைய ஆறிவிட்டது. இப்போது வலது கன்னத்தில் ஐந்து. அவன் குழாய் காலி. கடைக்குப் போனபோது இல்ஹாம் கையை விரித்தாள்.

"மூக்குல வெச்சுக்கன்னு சொன்னேன்ல?"

"வெளையாடாதீங்க டாக்டரம்மா. நாளைக்கு ஒரு நாள் தாங்கணும்."

"நாளைக்கு எல்லாரும் எல்லாத்தையும் நிறுத்துங்க. உங்க உஸ்தாத்தும் சேத்துதான். புண்ணு மேல தழையப் போட்டு, தழை மேல களிம்பப் போட்டு, களிம்பு மேல தழையப் போட்டா அது மருந்தா, மாவு பிசையறதா?"

அன்று அலுவலகம் முடியும் நேரத்தில் காயித் மேசைக்கு மேலே ஒரு புதுக் குழாயைத் தள்ளினான். இப்பிலிருந்து வந்த பேருந்து ஓட்டுநரிடம் சொல்லி வாங்கி வந்தது.

"இந்தா. நாளைக்கு வாய் வலிச்சா நீ வாயத் திறக்க மாட்ட. திறந்து சொல்லணும். அதுக்குத்தான்."

முக்பில் வாங்கிச் சட்டைப் பையில் போட்டான். நல்ல களிம்பு. இரவு போட்டான், காலையில் வலி பாதி குறைந்திருந்தது.

வியாழக்கிழமை திவானில் பேச்சே இல்லை. எல்லோரும் கிளம்புவதற்கு முன் களிம்பு போட்டிருந்தார்கள், எல்லோரும் அரை மணி நேரத்தைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் இலையைக் கிள்ளி வலது கன்னத்தில் வைத்தார்கள். வைத்ததும் வரிசையாக ஒரு முனகல் ஜன்னலிலிருந்து வாசல் வரை ஓடியது. காயித் இடது பக்கம் சாய்ந்து நிம்மதியாக மென்றுகொண்டிருந்தான். அவன் ஒருவனுக்குத்தான் அன்று காத் ருசித்தது.

முத்தஹ்ஹர் காகிதத்தைத் தொடைமேல் வைத்துப் பேனாவைத் திறந்தார். முக்பிலைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இதற்கு முன் அவன் பார்த்தறியாத ஒன்று இருந்தது. பயம்.

"முக்பில். மேல இருக்கறவங்க எல்லாம் சௌக்கியம்தான?"

பதில் அவன் வாயில் தயாராக இருந்தது. உஸ்தாத், எனக்கு மேலே யாரும் இல்லை, வாயில் புண் இருந்தது, அவ்வளவுதான். ஐந்து விநாடி வேலை. எதிரே காயித் மெல்லுவதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தான். முக்பிலுக்கு அண்ணனின் செருப்பு ஞாபகம் வந்தது. ஒன்றில் வார் அறுந்திருந்தது.

"சௌக்கியம்தான் உஸ்தாத்," என்றான்.

முத்தஹ்ஹர் காயித்தின் பெயரை எழுதினார். சாய்ந்த பக்கம் தப்பு என்று யாரும் சொல்லவில்லை. அலுவலகத்தோடு ஒத்துப்போவதில்லை என்று மட்டும் ஜுபைர் ஒரு வரி சேர்க்கச் சொன்னான்.

காயித் எழுந்து மீதி இலையைக் கட்டிக்கொண்டான். முக்பிலைத் தாண்டும்போது நிற்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "களிம்பு வேலை செய்யுதா?" என்று மட்டும் கேட்டான். முக்பில் தலையாட்டினான். "நல்லது," என்று படியிறங்கிப் போனான்.

முக்பில் ஊரில் தங்கிவிட்டான். ஆனால் கன்னத்தைத் திரும்ப மாற்ற முடியவில்லை. இடதுக்குப் போனால் மேலே இருக்கிறவர்கள் கைவிட்டுவிட்டார்கள் என்று அர்த்தமாகும். அவன் மாற்றாததால் யாரும் மாற்றவில்லை. ஆறு வாரம் அப்படியே போனது. இல்ஹாம் மூன்று முறை களிம்பு வரவழைத்தாள். நான்காவது முறை அவன் வாயைப் பார்த்துவிட்டு, "வெள்ளை படிஞ்சாச்சு. சொன்னேனா இல்லையா?" என்று களிம்பைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, பூஞ்சைக்கு வேறு மருந்தைக் கொடுத்தாள். வீட்டில் ஆத்திகா அவனுக்கு உப்பில்லாத கஞ்சியை வைத்துவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். காயித்தின் மனைவி அவளுக்குச் சிநேகிதி.

ஏழாவது வாரம் துணைச் செயலர் ஊருக்கு வந்தார்.

நல்ல காத் வந்தது. திவானில் புது விரிப்பு. துணைச் செயலரை ஜன்னலடியில் உட்காரவைத்தார்கள். பக்கத்தில் முத்தஹ்ஹர், அடுத்து முக்பில். பதினைந்து பேரும் வலது பக்கம் சாய்ந்து தயாராக இருந்தார்கள். துணைச் செயலர் இடது முழங்கையை ஊன்றினார். ஒரு தளிரைக் கிள்ளினார். இடது கன்னத்தில் வைத்தார்.

முத்தஹ்ஹர் மெல்லத் திரும்பி ஜுபைரைப் பார்த்தார். ஜுபைர் தான் பத்திரப்படுத்தியிருந்த அந்தச் செய்தித்தாளை மெத்தைக்கடியிலிருந்து உருவி விரித்தான். இப்போதுதான் அந்தப் படத்தின் மறு மூலை அவன் கண்ணில் பட்டது. பின்னால் சுவரில் மாட்டியிருந்த பெயர்ப்பலகையில் எழுத்தெல்லாம் திரும்பி நின்றது. படத்தைத் தலைகீழாக அல்ல, இடவலமாக மாற்றி அச்சடித்திருந்தார்கள்.

துணைச் செயலர் வரிசையை ஒரு நோட்டம் விட்டார். பதினைந்து வீங்கிய வலது கன்னங்கள். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு கண் வலியில் துடித்துக்கொண்டிருந்தது.

"என்னய்யா, எல்லாருக்கும் வாய்க்கு என்ன ஆச்சு?"

முத்தஹ்ஹர் முக்பிலை முழங்கையால் இடித்தார். உன் ஆள்தானே, நீயே சொல்.

"புண்ணுங்க," என்றான் முக்பில். ஆறு வாரம் கழித்து உண்மை அவன் வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்தது. "வாய்ப்புண்ணு."

"உனக்கா?"

"எல்லாருக்கும்."

துணைச் செயலர் வாயிலிருந்த இலையைத் துப்பினார். எதிரே வைத்திருந்த குவளையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"தண்ணி அலுவலகத்துல அத்தன பேருக்கும் வாய்ப்புண்ணு. நான் இங்க வந்து உங்க தண்ணிய ரெண்டு குவளை குடிச்சிருக்கேன்."

விசாரணை பத்து நாளில் முடிந்தது. தண்ணீரில் ஒரு கோளாறும் இல்லை என்று அறிக்கை வந்தது. அதற்குள் முத்தஹ்ஹருக்கு மாறுதல் உத்தரவு வந்துவிட்டதால் அறிக்கையை யாரும் பிரிக்கவில்லை. சமவெளிக்கு, பம்பு நிலையங்களின் மேற்பார்வைக்கு. துணைக்கு ஓர் ஆளை அவரே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தது. அவர் யோசிக்காமல் முக்பிலின் பெயரை எழுதினார். இத்தனைக்குப் பிறகும் அவருக்கு ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. துணைச் செயலர் அத்தனை பேரில் முக்பில் ஒருவனிடம்தான் 'உனக்கா' என்று கேட்டார்.

"எனக்கு மேல யாருமே இல்ல உஸ்தாத். சத்தியமா அது வெறும் புண்ணு," என்றான் முக்பில்.

"இப்பவும் சொல்ல மாட்டேங்கற பாரு," என்றார் முத்தஹ்ஹர். "அதனாலதான் நீ வேணுங்கறேன்."

ஆத்திகா வரவில்லை. பேருந்து மலையிறங்க இறங்கக் காற்று அடுப்பு வாய் மாதிரி ஆனது. சட்டைப் பையில் இல்ஹாமிடம் காட்டாமல் வைத்திருந்த களிம்பு, காயித் கொடுத்த குழாய், இளகிப் பையோடு ஒட்டிக்கொண்டது.

பம்பு நிலையத்தில் தகரக் கொட்டகைக்குக் கீழே, கயிற்றுக் கட்டிலில், கொசுவலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு காயித் சாய்ந்திருந்தான். ஏழெட்டு கிலோ இறங்கியிருந்தான். கண்ணில் மஞ்சள். இடது கன்னத்தில் காய்ந்த காத். முக்பில் பெட்டியை இறக்கிவைத்தான். காயித் கால்களை மடக்கிக் கட்டிலில் இடம் விட்டான். இலைக் கட்டை அவன் பக்கம் நகர்த்தினான்.

"இங்க எந்தக் கன்னம்டா?" என்றான் காயித்.